குதிரை விட்டுப்போன கட்டம்

மைத்துனன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது மங்காராவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு பாயும் தலைக்கு வைக்க எதையாவதும்தான். கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்தவன் இப்படி நினைப்பது அழகில்லை, அது அவனுக்கும் தெரியும். ஆனால் மேடானிலிருந்து தன் ஊரான தாருத்துங் வரைக்கும் இரவு முழுக்க பஸ் ஓட்டி, ஆட்களை இறக்கிவிட்டு, தேவாலயத்தில் பாதிப் பிரசங்கத்தைத் தூங்கித் தீர்த்து, இன்னொருத்தன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு மைத்துனன் ஊரான பாலிகேவுக்குத் திரும்பி வந்தவனிடம் அழகை எங்கே போய்த் தேடுவது? கையில் கூடை இருந்தது. கூடையில் இலை மூடிய பன்றிக்கறி இருந்தது. பெண் எடுத்தவன் பெண் கொடுத்த வீட்டுப் படியேறும்போது கறி இல்லாமல் ஏற முடியாது.

பெண் கொடுத்த வீடு என்றால் இப்போது சஹாலாதான். மங்காராவின் பெண்டாட்டி லம்தியூரின் தம்பி. ஏரியில் கூண்டு கட்டிக் கெண்டை வளர்க்கிறான். மங்காரா கல்யாணம் செய்தபோது அவன் மூக்கொழுகிக்கொண்டு திரிந்த பையன். மங்காராவின் தோளில் உட்கார்ந்து சந்தை பார்த்திருக்கிறான். மாமனார் கண்மூடியதும் அந்தப் பையன் ஒரே நாளில் வணங்கத்தக்கவனாகிவிட்டான். எங்கள் பக்கம் அப்படித்தான். ஒரு வீட்டின் முன்னால் முதுகு வளைந்து நிற்பவன் இன்னொரு வீட்டில் தன் தங்கை புருஷனை வளைய வைத்துக்கொள்ளலாம் என்பதால் யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்வதில்லை.

லம்தியூர் இங்கே வந்து தங்கிய கதை ஊருக்கே தெரியும். போன மாதம் சஹாலா புது வீடு குடிபுகுந்தான். அப்படி ஒரு விருந்தில் அடுப்படி முழுக்க பெண் எடுத்தவன் தலையில்தான் விழும். பன்றி அறுப்பது, யாருக்கு எந்தத் துண்டு என்று முறை பார்த்துப் பங்கு பிரிப்பது, சபை உட்கார்ந்ததும் சோறு பரிமாறுவது எல்லாம். மங்காராவும் வந்தான். ஜெபத்தின்போது தூங்கினான். சோற்றுப் பானையில் சாய்ந்து தூங்கினான். பாவம், ஓட்டுநர் பிழைப்பு என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். பிறகு சமையல் கொட்டகைக்குப் பின்னால் யாரோ சதுரங்கப் பலகையை விரித்தார்கள். அவ்வளவுதான், தூக்கம் போன இடம் தெரியவில்லை. முன்னால் விருந்தாளிகள் காலித் தட்டோடு உட்கார்ந்திருக்க, லம்தியூர் ஒற்றை ஆளாகச் சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குலத்துப் பெரியவர் ஒருவர் ஊர் கேட்க, "இந்த வீட்டுக்கு மருமகன்னு ஒருத்தன் இருக்கானா, இல்லையா?" என்று கேட்டார். கொட்டகைக்குப் பின்னால் அப்போது மங்காரா யானையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அவள் அவனோடு கிளம்பவில்லை. "எல்லாத்துக்கும் அசதின்னா பொறுத்துக்குவேன். என்கிட்ட மட்டும்தான் உங்களுக்கு அசதி," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதெல்லாம் நினைத்தபடி மங்காரா படியேறினான். சஹாலாவின் மனைவி ருமொந்தாங் வாசலில் பாக்குக் காயவைத்துக்கொண்டிருந்தாள். மைத்துனன் மனைவியோடு நேருக்கு நேர் பேசுவது எங்களுக்கு ஆகாது. நடுவில் யாராவது வேண்டும். மனுஷர் இல்லாவிட்டால் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

அவள் படியில் படுத்திருந்த நாயைப் பார்த்துச் சொன்னாள். "ஏ நாயே, வந்தவரு பசியோட இருப்பாரு. சோறு இருக்குன்னு சொல்லு."

மங்காராவும் நாயைப் பார்த்தான். "நாயே, நான் வழியிலயே சாப்பிட்டாச்சு. ஒரு காப்பி போதும்னு சொல்லிடு."

பல வருடமாக இந்த உத்தியோகம் பார்த்துச் சலித்த நாய் தலையை முன்னங்காலில் வைத்துக்கொண்டது.

கூடையைச் சஹாலா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மரியாதையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்ப் பலகையோடு வந்தான்.

"லாயே, ஒரு ஆட்டம்."

லாயே என்பது மைத்துனன்மார் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிடுகிற பேச்சு. இரண்டு பக்கமும் அதே சொல்தான், குரலில்தான் மேடு பள்ளம்.

"இன்னிக்கு வேணாமே லாயே. நான் வந்தது வேற விஷயமா."

"விஷயம் உள்ள மீன் கழுவிட்டிருக்கு. எங்கயும் ஓடிறாது. பொண்ணு கொடுத்த வீட்ல ஒண்ணு கேட்டா வேணாம்னு சொல்றீங்களே."

இதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? மங்காரா பாயில் உட்கார்ந்தான். வெள்ளைக்காய் அவன் பக்கம் வந்தது.

"நம்ம ஊர்க் கணக்குதானே?" என்றான் சஹாலா.

"சரி சரி," என்று மங்காரா கொட்டாவியோடு சொன்னான்.

ஊர்க் கணக்கென்றால், ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, செக் விழும்போது ராஜா குதிரையைப் போலத் துள்ளித் தப்பித்துக்கொள்ளலாம். பஸ் நிலையத்துக் கள்ளுக்கடைகளில் இதை விட்டுவிட்டார்கள். அங்கே எல்லாம் புத்தகக் கணக்கு, ராஜா என்றால் ஒரு கட்டம்தான். மங்காரா அந்தக் கடைகளிலேயே குப்பை கொட்டியவன். ஏரிக்கரையில் மட்டும் ராஜாக்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாலு காய் நகர்வதற்குள் மங்காரா ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். ஜெயிக்கக் கூடாது. பெண்டாட்டியைக் கேட்டு வந்த இடத்தில் மைத்துனனை மண்ணைக் கவ்வ வைத்தால் அது வேறு ஒரு மாதம் இழுக்கும். வேண்டுமென்றே தோற்கவும் முடியாது. சஹாலா ஆட்டம் தெரிந்தவன், பிச்சை போட்டால் கண்டுபிடித்துவிடுவான், அதற்கு இரண்டு மாதம் இழுக்கும். ஆகவே சமன். யாருக்கும் நோகாமல், யாருக்கும் இனிக்காமல், உப்புச்சப்பில்லாத ஒரு சமன். அவனுடைய அப்போதைய உடம்புக்கும் அதுதான் ஒத்துவந்தது.

அப்படியே ஆடினான். கிடைத்த காயையெல்லாம் காய்க்குக் காய் வெட்டிக் கழித்தான். சிப்பாய்களை எதிரெதிரே முட்டவிட்டுப் பூட்டினான். கடைசியில் பலகையில் ஒன்றும் நடக்காத ஒரு நிலை வந்து சேர்ந்தது. சஹாலாவின் ராஜா மூலையோரம், முன்னால் மூன்று சிப்பாய்கள் வரிசையாக நிற்க, வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவனுடைய குதிரை அந்தச் சிப்பாய்களுக்கு முன்னால் காவல் நின்றது. கடைசி வரிசையில் ஒற்றை யானை. மங்காராவின் ராணியும் யானையும் திறந்த நடுப்பாதையில் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன, ஆனால் போக இடமில்லை. பாதை முடிகிற கட்டத்தைக் குதிரையும் யானையும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவன் ராஜாவை ஒரு கட்டம் தள்ளினான். சஹாலா எதிர்க்கோடியிலிருந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். மத்தியான வெயிலில் தகரக் கூரை டிக் டிக் என்றது. மங்காராவின் தாடை மார்பில் இறங்கியது.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தால் லம்தியூர். கையில் காப்பி. ஒரு மாதம் கழித்து அவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்தான். அதில் அவன் எதிர்பார்த்த கோபம் இல்லை.

"பலகைக்கு முன்னாடியே தூங்குறீங்களே, தாகோரப்பா," என்றாள். தாகோர் அவர்களுடைய மூத்த பையன், மேடானில் படிக்கிறான். அவன் பிறந்ததிலிருந்து அவளுக்குப் புருஷன் பெயர் அதுதான்.

"கண்ணு தானா மூடிக்குது."

"அவ்வளவு அசதியா?"

"ம்."

அவள் காப்பியை ஊதி ஆற்றினாள். "விடியக்காலைல இந்தத் திருப்பத்துல ஹாரன் அடிச்சீங்களே, கேட்டுச்சு."

"தெனமும்தான் அடிக்கிறேன்."

"தெனமும்தான் கேக்குது." காப்பியைப் பாயோரம் வைத்தாள். "பையை எடுத்துட்டு வரேன். மூணு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம்."

சஹாலா பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே சிரித்துக்கொண்டான். மங்காராவுக்கு உடம்பெல்லாம் இளகிப்போயிற்று. இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு மாதமாக மேடான் சாலை முழுக்க வசனம் யோசித்துக்கொண்டு ஓட்டினான்? மன்னிப்பு கேட்கத் தயார் பண்ணி வைத்திருந்ததெல்லாம் வீண். சும்மா தூங்கியது போதுமாயிருந்தது. இனி இந்த ஆட்டத்தை அலுங்காமல் குலுங்காமல் மூட்டை கட்டிவிட்டு, வழியெல்லாம் அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வீடு போய்ச் சேரலாம்.

"லாயே, சமன்னு வெச்சுக்கலாமா? இதுல இனிமே என்ன இருக்கு."

"ஒண்ணுமில்லதான்," என்றான் சஹாலா. "என் முறை வந்துருச்சு, ஒண்ணை நகர்த்திடறேன். அப்புறம் நீங்க சொன்னபடி வெச்சுக்கலாம்." எதை நகர்த்துவது என்று விரல் பலகைமேல் அலைந்தது. கடைசியில் காவல் நின்ற குதிரையைத் தூக்கி, ஓரமாகக் கொண்டுபோய் வைத்தான்.

மங்காரா காப்பியை எடுக்கக் கை நீட்டியவன் அப்படியே நிறுத்தினான்.

குதிரை போய்விட்டது. பாதை முடிகிற கட்டத்தை இப்போது அந்த ஒற்றை யானை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ராணியை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தால் யானை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் பின்னால் நிற்கிற தன் யானை போய் அதை வெட்டும். சஹாலாவின் ராஜா கடைசி வரிசையில், முன்னால் அதன் சொந்தச் சிப்பாய்கள் மூன்று. அசைய ஒரு கட்டம் கிடையாது. செக்மேட்.

முதுகு தானாக நிமிர்ந்தது. கண்ணிலிருந்த மணல் உதிர்ந்துவிட்டது. இரவெல்லாம் ஓட்டியது, பிரசங்கம், பஸ், எல்லாம் நேற்றே நடந்து முடிந்ததுபோலத் தள்ளிப்போயிற்று. ஜெயிக்கக் கூடாது என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். யார் அது? நினைவுக்கு வந்தது, வந்த வேகத்தில் போகவும் செய்தது. ராணியைக் கொடுத்து ஒரு மேட் என்பது கள்ளுக்கடையில் வருடத்துக்கு ஒரு தடவை வாய்த்தால் உண்டு. அது இங்கே சும்மா வந்து மடியில் விழுந்திருக்கிறது. சரிதானா? இன்னொரு தடவை கணக்குப் பார்த்தான். ராணி போகிறது, யானை வெட்டுகிறது, யானை வெட்டுகிறது. வேறெதுவும் குறுக்கே வர முடியுமா? முடியாது. சஹாலாவின் ராணி எங்கே? அந்தக் கோடியில். இன்னும் ஒரு தடவை பார்த்தான்.

"தாகோரப்பா, போலாமா?"

எங்கோ பேச்சுக் கேட்டது. மங்காரா திரும்பவில்லை. இடது கையை மட்டும் உயர்த்திக் காட்டினான், சாலையில் குறுக்கே வருகிற மாட்டு வண்டியை நிறுத்துவதுபோல. "இரு."

"பஸ் வந்துரும்."

கை இறங்கவில்லை.

வாசலிலிருந்து ருமொந்தாங்கின் சத்தம் வந்தது. இந்தத் தடவை அவள் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். "ஏ நாயே, அண்ணி பையைத் தூக்கிட்டு நிக்கிறாங்க. கண்ணு இருக்கிறவங்க திரும்பிப் பார்க்கட்டும்னு சொல்லு."

காதில் விழுந்தது. நாயிடம் எதையோ சொல்கிறாள் என்கிற அளவுக்குத்தான் விழுந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நிமிர்ந்திருப்பானோ என்னவோ. அவள் வாயிலிருந்து வருவதை நேராகத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமலே வருடக்கணக்காகப் பழகிய காது. நாய் வாலை ஒரு தடவை தரையில் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது.

மங்காரா ராணியைத் தூக்கினான். பாதையின் கோடி வரை கொண்டுபோய் ஓசைப்பட வைத்தான். "செக்."

சஹாலா திடுக்கிட்டுப் பார்த்தான். வேறு வழி தோன்றாமல் யானையால் வெட்டினான். மங்காராவின் யானை அதே வேகத்தில் பாய்ந்து அதை வெட்டியது.

"முடிஞ்சுது லாயே," என்றான் மங்காரா. இந்த வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து இப்போதுதான் அவன் குரலில் உயிர் இருந்தது.

சஹாலா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். காதைச் சொறிந்தான். ராஜாவின் தலையைத் தொட்டான், விட்டான். சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு சந்தேகத்தோடு அதைத் தூக்கி, சிப்பாய்களுக்கு மேலாகத் துள்ளவைத்து, குதிரை விட்டுப்போன கட்டத்தில் கொண்டுவந்து வைத்தான்.

"ஊர்க் கணக்கு," என்றான் மெதுவாக. "அந்த ஒரு தடவ இன்னும் பாக்கி இருக்கு லாயே. என் ராஜா இன்னும் துள்ளல."

மங்காராவின் முகத்தில் ஈயாடவில்லை. துள்ள ஒரு கட்டம் வேண்டும். குதிரை அங்கேயே நின்றிருந்தால் அந்தக் கட்டம் இல்லை. குதிரை நகர்ந்ததால்தான் மேட்டும் வந்தது, அதே குதிரை நகர்ந்ததால்தான் மேட்டும் போனது. ராணியைக் கொடுத்து ஒரு யானையை வாங்கியிருக்கிறான். இனி ஆடிப் பயனில்லை.

"தெரிஞ்சேதான் நகர்த்துனீங்களா?"

"சத்தியமா இல்ல லாயே. நகர்த்த வேற ஒண்ணும் இல்லாமத்தான் அதைத் தூக்கினேன். நீங்க செக்குன்னதும் எனக்கே உயிர் போயிருச்சு." சஹாலா ஜெயித்தவன் மாதிரி இல்லை. வாசல் பக்கம் பார்த்தான், மங்காராவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம்."

அப்போதுதான் மங்காரா திரும்பினான். வாசலில் ருமொந்தாங் பாக்கைக் கிளறிக்கொண்டிருந்தாள், அவன் பக்கம் முதுகு. காப்பியில் ஆடை கட்டியிருந்தது. லம்தியூர் இல்லை. சாலையில் மூணு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போகிற சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது.

பின்கட்டில் அவள் மீன் கழுவும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். பை பக்கத்தில் இல்லை. எங்கே இருந்து எடுத்தாளோ அங்கேயே போய்விட்டிருக்க வேண்டும்.

"நீ பையோட எப்ப வந்து நின்னே?" என்றான். கேட்டதுமே தப்பு என்று தெரிந்தது.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்."

"மனசுல ஏறல, லம்தியூர். சத்தியமா ஏறல."

"அது தெரியுது. ஏறியும் திரும்பாம இருந்திருந்தாகூட, வேணும்னே செய்றாருன்னு சண்ட போட்டிருப்பேன்." அவள் குரலில் சண்டை இல்லை. அவனுக்கிருந்த அதே அசதி அவள் குரலிலும் இருந்ததை இவ்வளவு நாள் அவன் கவனித்ததில்லை. "ஆட்டத்துலயும் தூங்கி விழுந்தீங்க பாருங்க, அதப் பார்த்ததும் எனக்குக் கோவமெல்லாம் போயிருச்சு. பாவம், இந்த மனுஷன் உண்மையிலயே ஓஞ்சு போயிட்டாரு, என்கிட்ட மட்டும் இல்ல, எல்லாத்துலயும்தான்னு நெனச்சேன். என்னையே திட்டிக்கிட்டுத்தான் பை கட்டினேன். கட்டிட்டு வந்து பார்த்தா, நிமிர்ந்து உக்காந்திருக்கீங்க. கல்யாணத்தன்னிக்கு இருந்தீங்களே, அந்தக் கண்ணு."

தோற்றுவிட்டேன் என்று சொல்லலாமா என்று பார்த்தான். அதைச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்கிற அளவுக்குப் புத்தி இருந்தது.

"இன்னிக்கு நீங்க மட்டும் போங்க," என்றாள். "கோவிச்சுக்கிட்டுச் சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க. கறியெல்லாம் வேணாம். அந்த முழிப்ப எடுத்துட்டு வாங்க. எனக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் அதோட உக்காருங்க. அப்புறம் பை கட்டறதப் பத்திப் பேசலாம்."

"வரேன்," என்றான். வேறென்ன சொல்ல?

சஹாலா கூடையைத் திருப்பித் தந்தான். பெண் கொடுத்த வீடு வெறும் கூடையைத் திருப்பாது. மஞ்சளும் இஞ்சியும் போட்டு வற்றவைத்த முழுக் கெண்டை, கீழே சோறு, மேலே இலை. இரண்டு பேர் சாப்பிடுகிற அளவு. யார் எடுத்து வைத்தது என்று அவன் கேட்கவில்லை. படியிறங்கும்போது ருமொந்தாங் நாயிடம், "பார்த்துப் போகச் சொல்லு," என்றாள். இந்தத் தடவை மங்காரா நாயைத் தாண்டி அவள் இருந்த பக்கம் தலையை ஒரு முறை தாழ்த்தினான். முறையில்லைதான். அவளும் அதைப் பார்க்காததுபோல இருந்துகொண்டாள்.

அடுத்த பஸ்ஸை ஓட்டியவன் தெரிந்த பையன்தான். "அண்ணே, பின்னாடி சீட்டு காலியா இருக்கு, காலை நீட்டித் தூங்கிட்டு வாங்க," என்றான். மங்காரா கடைசி வரிசைக்குப் போய் மடியில் கூடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினான். பஸ்ஸில், தேவாலயத்தில், சோற்றுப் பானையில், எங்கே சாய்ந்தாலும் வருகிற தூக்கம் இப்போது எங்கேயோ இறங்கிப் போய்விட்டிருந்தது.

பலகை வந்தது. அதைத் தள்ளிவிடப் பார்த்தான், போகவில்லை. ஒவ்வொரு காயும் அதனதன் கட்டத்தில் துல்லியமாக நின்றது. ராணி, யானை, பூட்டிக்கொண்ட சிப்பாய்கள், மூலையில் ராஜா, குதிரை விட்டுப்போன அந்தக் காலிக் கட்டம். யாராவது கேட்டால் இருட்டில்கூட அடுக்கிக் காட்டிவிடுவான். அதே நேரத்தில் அவனுக்குப் பின்னால், இரண்டு முழத் தூரத்தில், லம்தியூர் பையோடு நின்றிருக்கிறாள். அவள் எந்த நிறச் சட்டை போட்டிருந்தாள்? காப்பி கொண்டுவந்தபோது போட்டிருந்ததுதானா, பயணத்துக்கென்று மாற்றிக்கொண்டு வந்தாளா? தலையைச் சீவியிருந்தாளா?

பஸ் சிபொரொங்போரொங் மேட்டில் ஏறும்வரை மங்காரா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். அவன் கைதான் நினைவுக்கு வந்தது, வண்டியை நிறுத்துவதுபோல உயர்ந்து நின்ற கை. அவள் வரவில்லை.